விலா எலும்பு முறிந்தால் புத்தூர் இருக்கிறது

வாசகர் கேள்விகள்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற லைன்மேன், நகரி

சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தேன். 2011 ஐப்பசி மழையில் எங்கள் ஊர் விசைத்தறிக் கொட்டகையில் ஷாக் அடித்து விழுந்த பையனின் நெஞ்சை அழுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடித்த கதை. அதற்கு முப்பதுக்கு மேல் கடிதங்கள் வந்துவிட்டன. ஆசிரியர் அவற்றைக் கட்டாகக் கட்டி எனக்கே அனுப்பி, "நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்" என்று கழன்றுகொண்டார்.

நான் மருத்துவன் அல்லன். 1980-இல் மின்துறையில் உதவியாளாகச் சேர்ந்து 2016-இல் லைன்மேனாக ஓய்வுபெற்றவன். எங்கள் நகரி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர். பேசுவது தமிழ், ஆபீஸில் எழுதியது தெலுங்கு. உயிருக்குப் போராடியவர்களில் மூன்று பேருக்கு நெஞ்சிலும் ஒருவருக்கு முதுகிலும் கை வைத்திருக்கிறேன். நால்வரில் பிழைத்தவன் ஒருவன். இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய ஆளாக நினைத்து ஏமாற வேண்டாம்.

அந்தப் பையனுக்கு இதயம் நின்றுவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நாடி பார்த்தீர்களா? முதலிலிருந்து சொல்லுங்கள்.
– வாசகர், ஊத்துக்கோட்டை

நாடி பார்க்கவில்லை. 2007-இல் திருப்பதியில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்த நர்ஸம்மா, "நீங்கள் நாடி தேடாதீர்கள். பதற்றத்தில் உங்கள் கட்டைவிரலில் துடிப்பதையே அவருடைய நாடி என்று நினைத்துக்கொள்வீர்கள்" என்று சொல்லியிருந்தார். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான்.

நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு தறி ஓடும் கொட்டகையில் மனிதர் அலறினால் கேட்காது. ஆனால் ஓட்டத்தில் ஒரு தறி தப்பினால் இந்த ஊர்க் காதுகளுக்குத் தெரிந்துவிடும். எட்டிப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். பையன் மோட்டாரை ஒட்டிக் கிடந்தான். முதலாளியின் தம்பி அவன் காலைப் பிடித்து இழுக்கக் குனிந்துகொண்டிருந்தார். அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால் அடித்துவிட்டேன் என்று இன்றுவரை அவர் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது, இருக்கிறாரே.

மெயின் சுவிட்சை இறக்கினேன். இருபத்துநான்கு தறியும் ஒன்றாக நின்றபோது வந்த அமைதி இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. மழைச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

தோளைத் தட்டி, பெயர் சொல்லிக் கத்தினேன். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கணக்குப்பிள்ளையை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு, பையனைக் காய்ந்த இடத்துக்கு நகர்த்தி மல்லாக்கக் கிடத்தி, பக்கத்தில் முட்டி போட்டேன். மார்பின் நடுவில் இருக்கும் எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றொரு கை, முழங்கை மடங்காமல், நம் உடம்பின் பாரத்தை இறக்க வேண்டும். நெஞ்சு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது. அளவு தெரியாவிட்டால் ஒரு தீப்பெட்டியின் நீளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுவதும் மேலே எழவிட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் இரத்தம் மறுபடி நிரம்பும். நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது அழுத்தம்.

எழுதும்போது எளிது. செய்யும்போது இரண்டாவது நிமிடத்திலேயே எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, என் கைக்குப் பக்கத்தில் அவர் கையை வைத்துக் காட்டி, மாற்றிவிட்டேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது நம் வசதிக்காக மட்டும் அல்ல. களைத்த கை ஆழமாக அழுத்தாது. அது அழுத்துபவருக்கே தெரியாது.

பதினான்கு நிமிடம் கழித்து வண்டி வந்தது. வந்த பையன் நெஞ்சில் இரண்டு பட்டைகளை ஒட்டினான், எல்லோரையும் விலகச் சொன்னான், கருவி ஒரு அதிர்ச்சி கொடுத்தது. பிறகுதான் நாடி வந்தது. ஆகவே "இதயத்தை ஓடவைத்த லைன்மேன்" என்று யாரும் எழுத வேண்டாம். ஷாக்கில் பெரும்பாலும் இதயம் முற்றாக நின்றுவிடுவதில்லை, துடிக்க வேண்டியது வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்துவது கருவியின் வேலை. நானும் கணக்குப்பிள்ளையும் செய்தது அதுவரை மூளைக்குக் கொஞ்சம் இரத்தம் போகும்படி பார்த்துக்கொண்டது. இரத்தம் போகாவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும். பதினான்கு நிமிடம் கைகட்டி நின்றிருந்தால் அந்தக் கருவி வந்தும் பயன் இருந்திருக்காது.

தெலுங்கில் எண்ணியதாக எழுதியிருந்தீர்கள். தமிழர் என்று சொல்லிக்கொண்டு இது என்ன?
– வாசகர், திருவள்ளூர்

கோபிக்காதீர்கள் ஐயா. கற்றுக்கொடுத்த நர்ஸம்மா தெலுங்கு, அதனால் கையோடு வந்ததும் தெலுங்கு: ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. கணக்குப்பிள்ளை தமிழில் எண்ணினார். ஆள் மாறும்போது மொழியும் மாறி, எண்ணிக்கை யார் கையிலும் இல்லாமல் போய்விட்டது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஆனால் உங்கள் கேள்வியால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழோ தெலுங்கோ, பத்துக்கு மேல் எண்ணாதீர்கள். "பதினொன்று, பன்னிரண்டு" என்று பெயர் நீளும்போது கையும் கூடவே மெதுவாகிவிடும். "இருபத்தேழு" சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அழுத்தம் போட்டிருக்கலாம். ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணினால் முப்பது வந்துவிடும். பக்கத்துக் கொட்டகைத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தாளமாக உதவியது. ஆனால் தறிக்குத் தறி வேகம் வேறு. எங்கள் பக்கத்துத் தறிகள் பலவும் நூற்றிருபதைத் தாண்டி அடிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு 108 அடித்தால் வேறு மாநிலத்துக்குப் போகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?
– வாசகி, பள்ளிப்பட்டு

உங்களுக்கு ஆந்திரத்தில் எடுக்கிறார்கள், எங்களுக்குத் தமிழ்நாட்டில் எடுக்கிறார்கள். அன்று கணக்குப்பிள்ளையின் போன் பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டது. எடுத்த பெண் "எந்த மாவட்டம்?" என்று கேட்க, இவர் "நகரி, நகரி" என்று கத்த, அந்தப் பெண்ணுக்குப் பட்டியலில் நகரி கிடைக்கவில்லை. யார்மீதும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆந்திரத்தில் 108 தொடங்கியது 2005 ஆகஸ்டில், தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில். இரண்டு பக்கமும் ஒரே எண். கோபுரத்துக்கு எல்லைக்கல் தெரியாது.

இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்: போன் எடுத்ததும் முதலில் மாநிலத்தின் பெயர், பிறகு ஊர், அப்புறம்தான் என்ன ஆயிற்று என்பது. "ஆந்திரா, நகரி, நினைவில்லை, மூச்சில்லை." வேறு மாநிலத்தில் எடுத்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள், அதற்குள் இன்னொருவர் வேறு நிறுவன சிம் உள்ள போனில் அடித்துப் பார்க்கட்டும். போனை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, கை நெஞ்சிலேயே இருக்கட்டும். தனியாக இருந்தால் சண்டை போடுவதற்காக எழுந்து போகாதீர்கள்.

இருபது நிமிடம் காத்திருப்பதைவிட ஆட்டோவில் போட்டுக்கொண்டு போவதே மேல் அல்லவா?
– ஆட்டோ ஓட்டுநர், கும்மிடிப்பூண்டி

தம்பி, கை முறிந்தவரை, நெஞ்சுவலியோடு பேசிக்கொண்டிருப்பவரைத் தாராளமாக ஏற்றிக்கொண்டு போங்கள். புண்ணியம் உண்டு. ஆனால் மூச்சு நின்றவர் கதை வேறு. உங்கள் ஆட்டோவின் பின்சீட்டில் ஒருவரை மல்லாக்கக் கிடத்த முடியுமா? மடக்கித்தான் வைக்க முடியும். பஞ்சு மெத்தை சீட்டில் அழுத்தினால் சீட்டுத்தான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. கடினமான தரை வேண்டும். போகிற பத்து நிமிடமும் அவர் மூளைக்கு இரத்தம் இல்லை; நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது அவரையா, உடலையா என்பதுதான் கேள்வி. எந்த வண்டியும் வரவே வராது என்று உறுதியாகத் தெரிந்தால் ஆட்டோவை விட்டுவிட்டு, பின்தளம் தட்டையாக இருக்கும் மினி லாரியைத் தேடுங்கள். அதில் ஏறி அழுத்திக்கொண்டே போகலாம்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கிறேன். எங்கள் பட்டறைச் சுவரில் உள்ள படத்தில், ஷாக் அடித்தவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்துகிறார்கள். நீங்கள் நெஞ்சை அழுத்தச் சொல்கிறீர்கள். எது சரி அண்ணா?
– மாணவர், புத்தூர்

இந்தக் கடிதத்தை மட்டும் நான்கு முறை படித்தேன். அந்தப் படம் எனக்கு மனப்பாடம்.

1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 44-ஆவது விதி, ஷாக் அடித்தவரை மீட்கும் முறையை வட்டார மொழியிலும் எழுதித் துணைமின்நிலையங்களில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்றது. எங்களுக்குத் தெலுங்கில் மாட்டியிருந்தார்கள். குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துவது ஷேஃபர் என்பவருடைய முறை, 1903-ஐச் சேர்ந்தது. மல்லாக்கக் கிடத்திக் கைகளைத் தூக்கி இறக்குவது சில்வெஸ்டர் முறை, 1858. குப்புறக் கிடத்தி முதுகையும் அழுத்தி முழங்கையையும் தூக்குவது ஹோல்கர் நீல்சன், 1932. எல்லாமே மூச்சு விடவைக்கும் முறைகள். இதயம் துடித்து, மூச்சு மட்டும் நின்றிருந்தால் அவற்றால் பயன் இருந்திருக்கலாம். இதயம் நின்றவருக்கு அவை எதற்கும் ஆகாது.

நெஞ்சை அழுத்தும் முறையைக் கண்டுபிடித்த கதையில் நமக்கும் பங்கு உண்டு என்று நான் பெருமை பேசுவது வழக்கம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவென்ஹோவன் என்று ஒருவர். அவர் டாக்டர் அல்லர், எலக்ட்ரிக்கல் என்ஜினியர். மின்கம்பி வேலை செய்பவர்கள் ஷாக்கில் சாகிறார்களே, அதற்கு வழி காண வேண்டும் என்றுதான் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். நாயின் இதய நடுக்கத்தை மின்சாரம் பாய்ச்சி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் இருந்த நிக்கர்பாக்கர் என்ற மாணவர் ஒன்றைக் கவனித்தார். கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தி வைத்தாலே, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, இரத்த அழுத்தம் எழும்பிற்று. அப்படியானால் மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அழுத்தி இரத்தத்தை ஓட்டலாம். ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்துகொள்ள, மூவரும் 1960 ஜூலையில் அதை வெளியிட்டார்கள். அதே 1960 ஏப்ரல் முதல் தேதிதான் ம.பொ.சி. முதலியோர் போராடிய போராட்டத்தின் பலனாகத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் எல்லைக்கும் அந்தக் கண்டுபிடிப்புக்கும் ஒரே வயது.

ஆனால் பார் தம்பி, 1984-லும் எங்கள் சுவரில் பழைய படம்தான். அந்த ஆண்டு என்னோடு வேலை செய்தவர் ஒருவர் லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்ற உறுதி, வாங்கிக்கொண்டுதான் கம்பத்தில் ஏறினார். யாரோ வீட்டு விசேஷத்துக்கு ஓட்டிய ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பிக் கம்பிக்கு வந்துவிட்டது. இறக்கினோம். படத்தில் இருந்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல், குப்புறக் கிடத்தி முக்கால் மணி நேரம் முதுகை அழுத்தினேன். நான் செய்ததில் தவறு இல்லை. முறைதான் தவறு.

உன் ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லி அந்தப் படத்தை மாற்றச் சொல். மாற்றாவிட்டால் எனக்கு எழுது, நானே வந்து ஒட்டுகிறேன். இன்னொன்று: 11 கே.வி. (பதினோராயிரம் வோல்ட்) லைனில் மாட்டியவரிடம், சப்ஸ்டேஷனில் லைனை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் போடும்வரை நெருங்காதே. காய்ந்த கட்டையும் ரப்பர் செருப்பும் வீட்டுக் கரண்டுக்கே சந்தேகம்தான், அங்கே துளியும் காப்பாற்றாது.

மூச்சு இருந்தால் அழுத்தக் கூடாது என்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சம் மூச்சு வந்தால்?
– வாசகர், ஆர்.கே. பேட்டை

இதில்தான் நான் தோற்றேன். ஓர் ஆடிக் கிருத்திகை, திருத்தணி மலை. 365 படி. காவடியோடு ஏறிய பெரியவர் ஒருவர் பாதிப் படியில் சரிந்தார். கூட்டத்தை விலக்கி அழுத்தத் தொடங்கினேன். ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் வாய் திறந்து, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன்போல, "ஹக்" என்று ஒரு மூச்சு இழுத்தார். உடனே சுற்றி நின்றவர்கள், "மூச்சு வந்துவிட்டது, விடுங்கள், விடுங்கள், முருகா!" என்றார்கள். ஒருவர் சோடாவை முகத்தில் தெளித்தார். ஒருவர் சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்தார். நானும் கையை எடுத்துவிட்டேன். எத்தனை விநாடி நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடத்துக்குக் குறையாது. இன்னொரு "ஹக்". பிறகு அதுவும் இல்லை. மறுபடி அழுத்தினேன். கீழே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

அது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகும் மூளைத்தண்டு விடும் வெற்று இழுப்பு. குறட்டைபோலவும் வரும், திணறல்போலவும் வரும். திருப்பதிப் பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். தெரிந்தும் கூட்டத்தின் பேச்சுக்குக் கையை எடுத்தேன். நீங்கள் எடுக்காதீர்கள். அவர் கையை அசைத்து உங்களைத் தள்ளினால், கண் திறந்தால், சீராக மூச்சு விட்டால், அப்போது நிறுத்துங்கள்.

விழுந்தது பெண்ணாக இருந்தால்? ஆண்கள் தொடத் தயங்குகிறார்களே.
– ஆசிரியை, சோளிங்கர்

தயங்குகிறார்கள். நானும் தயங்கினேன். எங்கள் தெருவிலேயே, அறுபது வயது அம்மா, வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தவர் விழுந்தார். மருமகன்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "செய்யட்டுமா?" என்று கேட்டேன். கேட்கவே கூடாது. பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரி ஓடி வந்து, "என்ன வேடிக்கை? முட்டி போடுங்கள்" என்று அதட்டிய பிறகுதான் தொடங்கினேன். அந்த அம்மா பிழைக்கவில்லை.

சேலையை விலக்க வேண்டியதில்லை, அதன்மேலேயே அழுத்தலாம். நாம் அழுத்துவது எலும்பை. கருவியின் பட்டைகளை ஒட்டுவதற்கு மட்டும்தான் வெறும் தோல் வேண்டும். அப்போது நான்கு பெண்கள் சேலையைத் திரைபோல் பிடித்தால் போயிற்று. பொது இடத்தில் விழும் பெண்களுக்கு இந்த முதலுதவி ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று மேல்நாட்டிலும் கண்டிருக்கிறார்கள். நம் ஊர் வெட்கம் என்று நினைத்திருந்தேன், அங்கும் அப்படித்தான் போலிருக்கிறது. உங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள்.

அழுத்தினால் எலும்பு முறியுமாமே?
– வாசகர், வேலூர்

முறியலாம். ஒழுங்காக அழுத்தினாலே பலருக்கு முறிகிறது. நான் அழுத்தும்போது "கடக்" என்று ஒன்று கேட்டது, கையிலும் தெரிந்தது. அடிவயிறு கலங்கிவிட்டது. நிறுத்தவில்லை. பிறகு படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு விலா எலும்பில் விரிசல்.

பையனின் அம்மாவுக்கு என்மேல் நன்றி ஒருபுறம், விலா எலும்புக்காகக் கோபம் ஒருபுறம். நாங்கள் புத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். கை கால் பிசகினால் புத்தூர்க் கட்டுதான் இங்கே முதல் யோசனை. வார்டிலிருந்து பெயர் வெட்டியதும் மகனை நேரே புத்தூருக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்லிவிட்டார். டாக்டர்தான் தடுத்தார். விலா எலும்பை இறுக்கிக் கட்டினால் ஆழ்ந்து மூச்சு விட முடியாது, சளி சேர்ந்துவிடும், தானாகவே கூடிவிடும் என்றார். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த முறை கொஞ்சம் பார்த்து அழுத்துங்கள்" என்றார். அடுத்த முறையாம்!

சில்லறைக் கேள்விகள்

"தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?" (அரக்கோணம்)
எனக்கும் வாரம் ஒருமுறை வருகிறது. நம்பாதீர்கள். மூச்சை வீணாக்காமல் 108-க்குப் பேசுங்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

"வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாமா?" (குடியாத்தம்)
பயிற்சி இருந்து, மனமும் இருந்தால் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல். இல்லாவிட்டால் அழுத்தம் மட்டும் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் பொதுமக்களுக்கு வகுத்த முறையும் அதுதான். எங்கள் பயிற்சியில் ரப்பர் பொம்மையின் வாயில் ஊதச் சொன்னபோது பதினெட்டு லைன்மேன்களும் கூரையைப் பார்த்தோம்.

"கிணற்றில் விழுந்த குழந்தையைத் தலைகீழாகச் சுற்றலாமா?" (நாராயணவனம்)
கூடாது, கூடவே கூடாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவும் முயல வேண்டாம். நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் முதல் தேவை மூச்சு. ஆகவே இங்கே மட்டும் ஊதலில் தொடங்கி, பிறகு அழுத்த வேண்டும். குழந்தையின் நெஞ்சில் மூன்றில் ஒரு பங்கு ஆழம், ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு, மார்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்த வேண்டும்.

"போலீஸ் கேஸ் ஆகாதா?" (சித்தூர்)
என்னை இதுவரை ஒருவரும் ஸ்டேஷனுக்கு அழைத்ததில்லை. சாலை விபத்தில் உதவுபவர்களுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே பாதுகாப்பு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் சேர்ந்துவிட்டது. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே சட்டம்தான்.

போன தை மாதம் என் கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சரிந்துவிட்டார். எப்போதோ டி.வி.யில் பார்த்ததை வைத்துக்கொண்டு நானும் பத்தொன்பது வயது மகளும் மாறி மாறி அழுத்தினோம். வண்டி வர இருபத்தைந்து நிமிடம். பிழைக்கவில்லை. "நான்தான் சரியாக அழுத்தவில்லை" என்று மகள் இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது ஐயா?
– வாசகி, பலமனேர்

அம்மா, உங்கள் கடிதத்துக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதலாம் என்று நினைத்தேன். பெயர் இல்லாமல் இதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதுகிறேன்.

மகளை முதலில் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். அவள் கை வைத்தபோது அப்பாவின் இதயம் ஏற்கெனவே நின்றிருந்தது. நின்ற இதயத்தை யாரும் அழுத்திக் கெடுத்துவிட முடியாது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வீடு திரும்புவதே பெரும்பாலான இடங்களில் அரிது. கருவியும் டாக்டரும் சீக்கிரம் வருகிற நாடுகள் பலவற்றிலும்தான். யாரும் அழுத்தாவிட்டால் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் அந்த வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்; அழுத்தினாலும் மெதுவாகக் குறைந்துகொண்டேதான் போகும். இருபத்தைந்து நிமிடத்தை உங்கள் மகளின் இரண்டு கைகளால் ஈடுகட்ட முடியாது. என் கைகளாலும் முடிந்திருக்காது.

மேலே 1984 கதை சொன்னேன் அல்லவா? அதன் மீதி இது. இறந்தவர் வீடு எங்கள் ஊரில்தான். அவர் மனைவி எதிரே வந்தால் நான் சந்து திரும்பிவிடுவேன். 2007-இல் அந்தப் பயிற்சிக்குப் போனபோதுதான், முதுகை அழுத்தியது இதயத்தைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது என்று எனக்கு உறைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே யோசனை. மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். படம், முறை, முக்கால் மணி நேரம், வேறு முறை அப்போதே உலகத்தில் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை என்பது வரை. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும் உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். "அண்ணா இருபத்துமூன்று வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை, தோசை வார்" என்றார். எனக்குச் சாப்பிட முடியவில்லை, ஆனால் இரண்டு சாப்பிட்டேன்.

இதை மகளிடம் படித்துக் காட்டுங்கள். அவளுக்கு விருப்பம் இருந்தால் எனக்கு எழுதட்டும். இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

அந்தத் தறிப் பையன் இப்போது எப்படி இருக்கிறார்?
– பலர் கேட்டிருக்கிறார்கள்

நன்றாக இருக்கிறான். தறிக்குத் திரும்ப அம்மா விடவில்லை. ஏகாம்பரகுப்பத்தில் டிபன் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண்பிள்ளைகள். அந்த நாளில் காலை டீ குடித்தது வரைதான் அவனுக்கு நினைவு இருக்கிறது, மீதி எல்லாம் நாங்கள் சொல்லித் தெரிந்ததுதான். அதனால் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மார்கழிக் குளிரில் இடது பக்கம் இன்னும் வலிக்கிறதாம். நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பான். கடைக்குப் போனால் இலையைத் துடைத்துப் போட்டு உட்காரவைப்பான், சட்னி கேட்காமலேயே வரும். வடைக்கு மட்டும் காசு வாங்கிவிடுகிறான்.